பட்டிக்குள் ஒரு பள்ளம்

எங்கள் வீட்டு ஷெட்டில் 15 வருடங்களாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அம்மாவைப் பொறுத்தவரை அது எலிகளின் வீடு. எனக்கு, பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டிய சாமான். ரிட்டயர் ஆன அப்பா மட்டும், "இதை ரெடி பண்ணி உங்களை எல்லாம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அவர் மனதை மாற்றுவதற்காக அந்தக் காரைப் பற்றி நெட்டில் தேடினேன். மாறியது என் மனம்தான்! 1959-ல் இங்கிலாந்தில் அறிமுகமானது டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர், இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிச்செலோட்டி. அதன் சேசிஸைக் குட்டையாக்கி 1962-ல் வந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். நம் ஊர் ஹெரால்டைத் தயாரித்தது சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. ஆக, எங்கள் ஷெட்டில் நின்றது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அக்கா!

வேலைக்கு வந்த டிங்கர் மேஸ்திரி முதலில் கையில் எடுத்தது சுத்தியலை அல்ல, ஒரு சின்னக் காந்தத்தை. "தகடு இருந்தா ஒட்டும். பட்டி தடிமனா இருந்தா ஒட்டாது" என்றபடி காரைச் சுற்றி வந்தார். இடது பக்க முன் மட்கார்டில் காந்தம் பொத்தென்று கீழே விழுந்தது.

ஹெரால்டில் பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே அமைப்பு. மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அதைக் கழற்றித் தரையில் வைத்து பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே அரை இன்ச்சுக்குப் பட்டி. அதை உடைத்து எடுத்தால், பெரிய பள்ளம்.

"யாரோ அவசரத்துல ஒப்பேத்தியிருக்காங்க சார். பட்டி ஈரத்தைக் குடிக்கும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே துரு தின்னுக்கிட்டே இருக்கும்."

அப்பா எதுவும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னார். 17 வயதில், தாத்தா வெளியூர் போயிருந்த நேரம், திருட்டுத்தனமாகக் காரை எடுத்து மைல்கல்லில் இடித்துவிட்டாராம். சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் ஒரே நாளில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாராம். வீட்டில், சைக்கிள் திருடுபோய்விட்டது என்று பொய்.

"கடைசி வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது" என்றார்.

ஊஞ்சலில் இருந்த பாட்டி சிரித்தார். "தெரியாதா? வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டார்டா. புது பெயின்ட் தனியாத் தெரிஞ்சுது. 'அவனா வந்து சொல்லட்டும், நீ கேட்காதே'ன்னார். அடுத்த மாசமே உனக்குப் புது சைக்கிள் எதுக்கு வாங்கிக் கொடுத்தார்னு நினைச்சே?"

அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து ஷெட்டுக்குப் போனார்.

மறுநாள், "புது மட்கார்டு தேடிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம். இதையே நிமிர்த்தணும்" என்றார். துருப்பிடித்த பகுதியை வெட்டிவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார் மேஸ்திரி. பள்ளத்தின் உள்பக்கம் சுத்தியல், வெளிப்பக்கம் இரும்புக் கட்டை. அடிபட்ட தகடு விரிந்துவிடும். அதைச் சுருக்க, புள்ளி புள்ளியாகக் கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியை ஒற்ற வேண்டுமாம். வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால் துரு வந்துவிடும் என்று அன்றன்றைக்கே பிரைமர் அடித்தார். மேலே மெல்லிசாக ஒரு கோட்டிங் பட்டி. அவ்வளவுதான்.

அதைத் தேய்க்கும் வேலையை அப்பா யாருக்கும் தரவில்லை. நான்கு நாள் தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் அவரே தேய்த்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லியிருக்கலாம்மா. திட்டியிருக்க மாட்டார்" என்றார், கையை நிறுத்தாமல்.

அந்த வாரம்தான், ஆபீஸில் நடந்த ஒரு விஷயத்தை இரண்டு மாதங்களாக மறைத்து வைத்திருந்த நான், அப்பாவிடம் சொன்னேன். அவரும் திட்டவில்லை.