நாள் நிறையும் தொழில் அறமும்

கைத்தொழில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர், ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் பயிற்சிக்குச் செல்லவிருப்பதாகவும், அங்கே எதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்றும் என்னிடம் கேட்டார். கொழுந்து வாட்டும் தட்டுகளையும் அரைக்கும் உருளைகளையும் காட்டுவதற்குத் தொழிற்சாலையில் ஆட்கள் இருக்கிறார்கள். எனவே நான் வேறொன்றைச் சொன்னேன்: "மலைக்குப் போய்த் தராசடியில் நில்லுங்கள்."

லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர். விஞ்ஞான முகாமைத்துவம் பற்றி 1911இல் நூல் எழுதியவர் பிரெடரிக் டெய்லர். அம்மாணவரின் பாடத்தில் இரண்டாமவர் இருக்கிறார்; அவர் ஏறப்போகும் மலையில் முதலாமவர் இருக்கிறார். இரண்டாமவரின் நூலில் ஒரு கணக்கு உண்டு. இரும்புக் கட்டி சுமந்தவர்களின் நாள் வேலை பன்னிரண்டரைத் தொன்னிலிருந்து 47 தொன்னுக்கு உயர்ந்தது. கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலர் ஆயிற்று. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். இதனைத் திறமை என்று படிப்பவர், நீதியா என்றும் கேட்கப் பழக வேண்டும்.

மலையகத்தில் இக்கேள்வி பழங்கதை அன்று. நிர்ணயித்த கிலோவை எடுத்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் நாட்கூலி 1000 ரூபாவாக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்குவதற்கு அந்த இலக்கம் உதவக்கூடும். அந்த இலக்கத்தை வகுக்கும் பணிதான் நாளை இம்மாணவரின் மேசைக்கு வரும்.

வேலை ஆய்வு என்னும் பாடத்தில், நியம நேரத்தைக் கணிக்கும்போது களைப்புக்கும் உடல் தேவைகளுக்கும் ஒரு சலுகை சேர்க்கப்படும். சர்வதேச தொழில் தாபனத்தின் நூலிலுள்ள அட்டவணையில், உடல் தேவைக்கெனப் பெண்களுக்கு நூற்றுக்கு ஏழு தரப்பட்டிருக்கிறது. எட்டு மணி வேலைக்கு அது ஏறக்குறைய அரைமணி. ஆனால் கழிப்பறையே இல்லாத மலையில், லயத்துக்கு இறங்கி ஏறவே அந்த அரைமணி போய்விடும். காகிதத்தில் சலுகை இருக்கிறது; மலையில் இல்லை. சரிவு, மழை, கவ்வாத்து முடிந்து எத்தனை காலம் என்பன மலைக்கு மலை வேறுபடுகையில், எல்லா மலைக்கும் ஒரே கிலோவை விதிப்பதும் அளவீடாகாது.

தராசடிக்கு வருவோம். கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கொழுந்தில் கழிப்பது நெடுநாள் வழக்கம், நெடுநாள் முறைப்பாடும்கூட. நாளொன்றுக்கு மூன்று முறை நிறுத்து, ஒவ்வொரு முறையும் நியாயத்துக்கு மேல் ஒரு கிலோ கழித்தால், 18 கிலோ என்ற இலக்கு உண்மையில் 21 கிலோவாகும். வெறுங்கூடையைத் தராசில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவதா, வழக்கம் என்று விட்டுவிடுவதா என்பதில் தொழில் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலியே. ஏல விலையோ அவர்கள் கையில் இல்லை. ஆனால் முதிர்ந்த செடிகளுக்குப் பதிலாகப் புதியன நடுவதும், பாதையைச் செப்பனிடுவதும், நிறுக்கும் இடத்தை அருகே கொண்டுவருவதும் உற்பத்தித்திறனை உயர்த்தும் வழிகளே. கொழுந்தெடுப்பவரின் விரல்களை மட்டும் விரைவுபடுத்தச் சொல்வது சோம்பேறி முகாமைத்துவம்.

மாணவர் இன்னொன்றும் கேட்டார்: "கூடைக் கணக்கு பிழையென்று தெரிந்தால், பயிற்சியாளனான நான் யாரிடம் சொல்வது, ஐயா?"

முதலில் அறிக்கையில் எழுதுங்கள் என்றேன். நிறுத்த நாள், மலை, வெறுங்கூடையின் நிறை, கழித்த நிறை ஆகிய நான்கையும் குறியுங்கள், அடைமொழி வேண்டாம். துரை அதனைப் படிக்காமல் விடலாம். பேராசிரியர் படித்தே ஆக வேண்டும். எழுதப்பட்ட இலக்கத்தை மறுப்பதற்கு, மறுப்பவரும் ஒரு கூடையை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.