பெருங்குழல் துப்பாக்கியும் கல்கத்தாவும்: பயிற்சி பற்றிய ஒரு குறிப்பு

வேட்டை நினைவுக் குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு விடுபடல் மெல்லப் புலப்படும். புலி விழுந்த இடம், யானை திரும்பிய விதம், அன்றைய நிலவொளி ஆகியன பக்கம் பக்கமாக வரும். அந்த ஒரு குண்டுக்கு முன் தாளையோ மண்மேட்டையோ நோக்கிச் சுட்ட குண்டுகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இராது. பெருங்குழல் துப்பாக்கியைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று. அக்கருவியின் வரலாறே அந்தச் சொல்லப்படாத காலைப்பொழுதுகளில்தான் அடங்கியிருக்கிறது.

இக்கேள்வியை எழுப்பக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான இந்திய நகரம் இல்லை. 1825 முதல் இயங்கிய மேண்டன் நிறுவனமும், அதற்குப் போட்டியாக விளங்கிய ராடா நிறுவனமும், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரிசாவின் சமஸ்தானங்கள் வரை பரவியிருந்த வேட்டைக்காரர்களுக்குத் துப்பாக்கி வழங்கின. குழலின்மேல் கல்கத்தா முகவரி பொறிக்கப்பட்டிருக்கும்; துப்பாக்கி பெரும்பாலும் பர்மிங்காமிலோ லண்டனிலோ செய்யப்பட்டிருக்கும். தோட்டாக்கள் வங்காளத்து ஈரக்காற்று புகாதபடி பற்றவைத்த தகரப் பெட்டிகளில் கப்பலேறி வந்தன. கார்டைட் வெடிமருந்து வெயிலில் சூடேறினால் குழலுக்குள் அழுத்தம் உயரும். ஆகவே வெப்ப நாடுகளுக்கென மருந்தளவைச் சற்றுக் குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்தனர்.

.470 அங்குல நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். அதன் குண்டு 500 கிரெயின், அதாவது 32 கிராமுக்குச் சற்று மேல். வேகம் நொடிக்கு 2,150 அடி. குண்டும் எரிந்த மருந்தின் வாயுவும் முன்னே பாயும்போது, ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மிகுந்த வேகத்தில் பின்னே வருகிறது. படைவீரனின் .303 துப்பாக்கி தரும் உதையைவிட இதன் ஆற்றல் நான்கைந்து மடங்கு. தோள் கன்றிப்போகும் என்பது இதில் மிகச் சிறிய செய்தி. கன்றிய தோள் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

ஆறாதது துணுக்கம். உதை வரப்போகிறது என்பதை உடல் ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்த முறை விசை விடுபடும் முன்பே இமை மூடும், மணிக்கட்டு இறுகும், குழல்வாய் தாழும். சுடுபவர் இதனை அறியமாட்டார். குழல் துள்ளும் ஆரவாரத்தில் அந்தச் சிறு அசைவு மறைந்துவிடும். இதனை வெளிப்படுத்த ஒரு பழைய முறை உண்டு: மெய்த்தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டா ஒன்றை, சுடுபவர் அறியாமல், பிறர் இட்டுத் தருவது. விசை வெறுமனே சொடுக்கும்போது குழல் தலைகுனிந்தால், குற்றம் துப்பாக்கியினுடையது அன்று என்பது அங்கு நிற்கும் அனைவருக்கும் தெரிந்துவிடும்.

உண்மையான வேட்டைத் தருணத்தில் உதை உணரப்படுவதே இல்லை, ஆகவே பயிற்சி தேவையில்லை என்பார் உண்டு. முதற்பாதி உண்மை, பாயும் விலங்கின் முன் நிற்பவர் தோள்வலியை நினைப்பதில்லை. பிற்பாதி பிழை. துணுக்கம் உதையின் விளைவு அன்று. உதைக்கு முன்னதாகவே நிகழும் பழக்கம். அடியை உணராதவர் கையிலும் அது தன் வேலையைச் செய்துவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பிற துப்பாக்கிகளில் மிகுதியாகச் சுடுவதே பயிற்சி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுநிலைப் போட்டியில் நான்காம் இடம் பெற்ற வங்காளத்து வீரர் ஜாய்தீப் கர்மாகரின் .22 துப்பாக்கியில் உதை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. நாள் முழுதும் சுடலாம். பெருங்குழலில் ஒரே அமர்வில் பத்துப் பதினைந்தைக் கடந்தால், கற்றுக்கொள்ளப்படுவது துணுக்கம்தான். நின்றபடி, உடல் பின்சாய இடங்கொடுத்து, சில குண்டுகளே சுட வேண்டும்; படுத்துச் சுட்டால் உதை முழுவதையும் தோள்பட்டை எலும்பு வாங்கும். இரண்டாம் விசையில் விரல் தவறிப் பட்டு இரு குழல்களும் வெடிக்காதிருக்கவும் கைக்குப் பழக்கம் வேண்டும். இடைநாட்களில் வெற்றுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்க வேண்டும். ஆக, இப்பயிற்சி கோருவது மிகுதியை அன்று, இடைவிடாமையை. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், சிறிதளவு. தோட்டா, நிலம், ஓய்வு மூன்றும் உள்ளவருக்கே அது வாய்க்கும். கங்கையின் வண்டல் சமவெளியில் குன்று கிடையாது. கனத்த குண்டைத் தடுக்க உயரமான மண்மேடு கட்டியாக வேண்டும்.

அம்மூன்றும் எவரிடம் இருந்தன என்பதை ஜிம் கார்பெட்டின் இளமைக்காலம் காட்டுகிறது. பயிற்சியைப் பற்றி மனம்விட்டு எழுதிய அரிதான வேட்டைக்காரர் அவர். நைனிதாலில் சிறுவர் தொண்டர் படையில் இருந்த பத்து வயதுக் கார்பெட்டுக்கு, கடுமையாக உதைக்கும் .450 மார்ட்டினி துப்பாக்கி இரவலாகத் தரப்பட்டது. துப்பாக்கியைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், காலி உறைகளைத் திருப்பித் தர வேண்டும் என்பவையே நிபந்தனைகள். இது 1880களின் நடுப்பகுதி. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பியருக்கு விலக்களித்த அச்சட்டம், வயலில் பன்றி விரட்டும் இந்திய உழவரிடம் உரிமம் கேட்டது. ஒரு சிறுவனுக்கு அரசே தோட்டா கொடுத்த நாட்டில், கிராமத்தவர் நாட்டு மருந்தையும் கிடைத்த ஈயத்தையும் திணித்து, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் உயிருள்ள விலங்கின்மீதே சுட்டுப் பழகினர்.

அரசின் அச்சம் பணக்கார வேட்டைக்காரரையும் விட்டுவைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குக் கொணர்வது தடுக்கப்பட்டது. கலகக்காரர் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்படும் என்பதே காரணம். .465, .470, .475 என்று அடுத்தடுத்துப் புதிய அளவுகள் தோன்றியது இதனால்தான். அந்த அச்சம் முற்றிலும் கற்பனை என்று சொல்லவும் இயலாது. 1914 ஆகஸ்ட் 26 அன்று, ராடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் மாட்டுவண்டியில் கடத்திச் சென்றனர்.

பழகாத கை இழைத்த கேட்டுக்குச் சம்பாவத் புலி சான்று. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட அப்பெண்புலியைக் கார்பெட் 1907இல் வீழ்த்தினார். அதன் வலப்பக்கக் கோரைப்பற்களில் மேலது பாதியாகவும் கீழது எலும்புவரையும் உடைந்திருந்தன. எவரோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனதே அது மனிதரைக் கொல்லத் தொடங்கியதற்குக் காரணம் என்று அவர் கருதினார். அந்த எவரோ ஒருவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர் கிராமத்தவராகவும் இருக்கலாம், விடுமுறைக்கு வந்த அதிகாரியாகவும் இருக்கலாம். கார்பெட்டும் அன்று .500 துப்பாக்கியோடு மூன்றே தோட்டாக்களை எடுத்துச் சென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தபின் தாசில்தாரின் பழுதடைந்த துப்பாக்கியை வாங்க ஓட வேண்டியதாயிற்று.

சட்ட விலக்கு இல்லாமலேயே இக்கலையை வசப்படுத்திய கல்கத்தா இந்தியர்களும் இருந்தனர். உயர்நீதிமன்ற வழக்கறிஞர் குமுத்நாத் சௌதுரி 1918இல் வேட்டை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பின்னாளில் ஒரிசாவின் காளஹாண்டிக் காட்டில் புலியால் கொல்லப்பட்டார். கல்விப்புலத்தார் அறிய வேண்டியவர் திருதிகாந்த லாஹிரி சௌதுரி. மைமன்சிங் ஜமீன் குடும்பத்தில் 1931இல் பிறந்து, ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக விளங்கினார். ஆட்கொல்லி யானைகளை அரசின் வேண்டுகோளின்பேரில் சுட்டவரும், பின்னர் ஆசிய யானைப் பாதுகாப்பில் முதன்மையான குரலாக ஒலித்தவரும் இவரே. இவ்விரண்டையும் முரணாகக் காண்பது எளிது. ஆனால் யானையின் மூளை மண்டையோட்டில் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் எந்த எலும்பு குறுக்கிடும் என்று அறிந்தவருக்கு, குறி தவறினால் யானை எத்தனை மாதம் சீழ்வடிய அலையும் என்பதும் தெரிந்திருக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவைத்தது. அது நேர்ந்திருக்க வேண்டிய முடிவே. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, பிடிக்கவோ மயக்கவோ இடம்பெயர்க்கவோ இயலாத ஆபத்தான விலங்கை மட்டும் எழுத்து ஆணையோடு கொல்ல இன்றும் இடமளிக்கிறது. மயக்க ஊசித் துப்பாக்கியின் உதை அற்பம். 2021 அக்டோபரில் மசினகுடியில் டி23 புலி மூன்று வாரத் தேடலுக்குப்பின் உயிரோடு பிடிபட்டது அதனால்தான். எல்லா இடத்திலும் அது வாய்ப்பதில்லை. 2024 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் ஜார்கிராமில் யானை விரட்டும் கூட்டத்தார் எறிந்த எரியும் கம்பி பாய்ந்து பெண்யானை ஒன்று இறந்தது.

11ஆம் பிரிவின் ஆணை பிறக்கும் நாளில், கனத்த துப்பாக்கியைத் துணுக்கமின்றித் தோளில் ஏற்றவல்ல கை எங்கிருந்து வரும்? தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களில் ஏறக்குறைய நின்றுபோனது. இஷாப்பூர் தொழிற்சாலை செய்வது .315 போன்ற நடுத்தர அளவுகளையே. உரிமம் புதுப்பிக்கப்படாத பழைய துப்பாக்கிகளை வாரிசுகள் சட்டப்படி ஒப்படைத்துவிட்டுப் போகும் இடம் வணிகரின் காப்பறை. மருந்தளவு குறைத்த அந்தத் தகரப்பெட்டித் தோட்டாக்களில் எஞ்சியவற்றை இன்று பயிற்சிக்கென்று எவரும் சுடப்போவதில்லை. ஒன்றின் விலை அப்படி. அது வெடிக்கும் என்ற உறுதியும் இல்லை.