தேங்காயின் பெயர் கொண்ட தீவு

ஈப்போவில் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் நியுவே தீவில் என்ன பொழுது தெரியுமா? வியாழக்கிழமை நடுப்பகல்! நமக்கும் அவர்களுக்கும் 19 மணி நேர வித்தியாசம். நாம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அங்கே முந்தின நாளே முடிந்திருக்காது.

பசிபிக் மாகடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே, ஆக்லாந்து நகரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது இந்தத் தீவு. 'நியு' என்றால் அவர்கள் மொழியில் தேங்காய். 'பார், தேங்காய்!' என்பதே ஊரின் பெயர் என்கிறார்கள். மலாயில் தேங்காயை 'ஞியோர்' என்றும் சொல்வதுண்டல்லவா? இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்தாம். 1774-இல் அங்கே கரையிறங்கப் பார்த்த கேப்டன் குக்கை ஊரார் விரட்டியடித்தார்கள். அந்த ஆத்திரத்தில் அவர் 'காட்டுமிராண்டித் தீவு' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். வீட்டு வாசலில் கேளாமல் வந்து நின்றவரைப் போகச் சொன்னது அத்தனை பெரிய குற்றமா!

பரப்பளவு 260 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைவிடச் சற்றுச் சிறியது. கடலுக்கு மேலே தூக்கி நிற்கும் பவளப் பாறைதான் தீவு முழுவதும். ஆறு கிடையாது, ஓடையும் கிடையாது. பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும். சுற்றிலும் செங்குத்தான கரை என்பதால் நல்ல துறைமுகமும் இல்லை. மீன்பிடிப் படகைக்கூடப் பாரந்தூக்கியில் கட்டித்தான் கடலில் இறக்குகிறார்கள். பாறை இடுக்கில் இருக்கும் கொஞ்ச மண்ணில் அவர்கள் முக்கியமாகப் பயிரிடுவது சேப்பங்கிழங்கு. நம் பக்கத்தில் கிலாடி என்றால் எல்லாருக்கும் புரியும். தென்னை மரம் ஏறும் ஒருவகைப் பெரிய நண்டு விருந்துக்குரிய பண்டம். 2004 ஜனவரியில் ஹேட்டா புயல் அடித்தபோது, கடல் அந்த உயர்ந்த கரையையும் தாண்டி வந்து தலைநகர் அலோஃபியின் மருத்துவமனையை அழித்துவிட்டது. பிறகு உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள்.

1901-இல் நியூசிலாந்தின் ஆட்சிக்குள் வந்த இத்தீவு, 1974 அக்டோபர் 19-ஆம் நாள் தன்னாட்சி பெற்றது. முதல் தலைமை அமைச்சர் ராபர்ட் ரெக்ஸ், 1992-இல் காலமாகும் வரை அப்பதவியில் இருந்தார். சட்டசபையில் 20 பேர். 14 கிராமங்களும் ஆளுக்கு ஒருவரை அனுப்ப, மற்ற 6 பேரைத் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. ஆனால் நியூசிலாந்தின் கையை அவர்கள் முற்றாக விட்டுவிடவில்லை. பணம் நியூசிலாந்து டாலர். நியுவே மக்கள் எல்லாரும் நியூசிலாந்துக் குடிமக்கள்.

அந்தக் குடியுரிமைதான் தீவுக்கு வாய்த்த வரமும், வினையும். விமானம் வர ஆரம்பித்ததும் குடும்பம் குடும்பமாக ஆக்லாந்துக்குப் புறப்பட்டார்கள். வேலை, பிள்ளைகளின் படிப்பு, கைநிறையச் சம்பளம். யாரைக் குறை சொல்வது? 1966-இல் 5,000-க்கு மேல் இருந்த ஜனம் இன்று சுமார் 1,700. நியூசிலாந்தில் இருக்கும் நியுவே வம்சத்தாரோ 30,000-க்கும் அதிகம். கிராமத்துச் சாலையில் பூட்டிய வீடுகளும், கூரை போன வீடுகளும், உள்ளே செடி முளைத்த வீடுகளும் வரிசையாக நிற்கின்றன.

லயத்தை விட்டு வந்த நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்து வளர்ந்த கித்தாத் தோட்டத்தைத் தேடிப் போனேன். லயமிருந்த இடத்தில் தாமான் வீடுகள். பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூட முடியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்கள் வாங்க வைத்தது எதற்காக என்பது அன்றுதான் எனக்கு நன்றாக உறைத்தது.

நியுவேயில் நிலம் குடும்பத்தின் பொதுச் சொத்து; வெளியாருக்கு விற்க முடியாது. தாத்தா பாட்டியின் கல்லறைகள் வீட்டோரம், சாலையோரம் சொந்த நிலத்திலேயே இருக்கின்றன. வீடு இடிந்தாலும் மனை அவர்களுடையதுதான்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். ஆண் பிள்ளைக்குப் பிறந்தது முதல் முடி வளர்த்து, வாலிபப் பருவத்தில் உற்றார் உறவினர் கூடி ஆளுக்கொரு கற்றையாக வெட்டுவார்கள். வந்தவர்கள் கையில் பணம் கொடுக்க வேண்டும். நம் மொய்யைப் போலவே அதைத் திருப்பிச் செய்யும் கடமையும் உண்டு. பின்னலை முதுகில் தொங்கவிட்ட பையனோடு, அந்தச் சடங்குக்காகவே ஆக்லாந்திலிருந்து விமானம் ஏறி ஊருக்கு வரும் குடும்பங்களும் இருக்கின்றன.