ஓர்க்குக்குப் பத்து, பொற்காசுக்கு ஒன்று

எங்கள் மேசையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும்போதெல்லாம் ஒரு வாக்குவாதம் எழும். குகை வாசலில் காவல் நிற்கும் பூதங்களைப் பேசியே மடக்கிவிட்டால் புள்ளி உண்டா, வாளை உருவினால்தான் உண்டா? ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ மாறிப் பகடை உருட்டும் ஆட்டம் இது. அனுபவப் புள்ளி சேரச் சேரப் பாத்திரம் லெவல் ஏறும். பெரும்பாலான மேசைகளில் அந்தப் புள்ளி சண்டையிலிருந்துதான் வருகிறது. வெட்டினால்தான் வளரலாம் என்ற கணக்கை முதலில் போட்டது யார்? அதைத் தேடித்தான் பழைய விதிப் புத்தகங்களைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினேன்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு விலை எழுதியிருக்கிறது. 300 புள்ளி சேர்ந்தால் இரண்டாம் லெவல். 2000இல் வந்த மூன்றாம் பதிப்போ கணக்குப்பிள்ளை வேலையே பார்த்திருக்கிறது: குழுவின் பலத்துக்கு ஏற்ற மோதல்கள் ஏறத்தாழ 13 முடிந்தால் ஒரு லெவல் ஏறும்படி அட்டவணையே போட்டுவிட்டார்கள். இவற்றைப் பார்த்தபோது ஆரம்பம் முதலே இப்படித்தான் இருந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றியது.

1974இல் வெளிவந்த முதல் பதிப்பு வேறு கதை சொல்கிறது. மரநிறப் பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். புள்ளி கொடுக்கும் முறையை விளக்க அதில் ஓர் உதாரணம் வருகிறது. ஒரு மந்திரவாதி ட்ரோல் என்ற அரக்கனை வீழ்த்தி 7,000 பொற்காசுகளை எடுத்துக்கொள்கிறான். காசுக்கு 7,000 புள்ளி. அரக்கனைக் கொன்றதற்கு 700. அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எங்கள் மேசையில் இத்தனை காலம் நடந்த வாக்குவாதத்துக்கு விடை அந்த இரண்டு எண்களில் இருந்தது.

மறு ஆண்டு வந்த கிரேஹாக் துணைநூலில் கைகாக்ஸ் கொலையின் விலையை இன்னும் இறக்கினார். அதுவரை ஓர்க் என்ற சாதாரணப் பூதம் ஒன்றைக் கொன்றால் 100 புள்ளி. அதன்பின் வெறும் 10. வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். அதாவது 200 ஓர்க்குகளை வெட்ட வேண்டும், அல்லது ஒரே ஒரு நல்ல புதையல் பெட்டியை யார் கண்ணிலும் படாமல் வெளியே தூக்கி வர வேண்டும்.

சண்டையில் என்ன ஆபத்து என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1974 பதிப்பில் முதல் லெவல் மந்திரவாதியின் உயிர் ஒரே ஒரு பகடை, ஒன்று முதல் ஆறு வரை. எதிரியின் வாள் வீச்சும் அதே ஒரு பகடைதான். ஓர் அடி பட்டால் சாகப் பாதிக்கு மேல் வாய்ப்பு. போதாக்குறைக்கு, பாதாள அறைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பகடை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் எங்கிருந்தோ பூதம் ஒன்று வந்து நிற்கும். அதனிடம் பெரும்பாலும் புதையல் இருக்காது. அதோடு மோதினால் உயிர்தான் குறையும். ஆகவே ஒளிவதும், ஓடுவதும், லஞ்சம் கொடுப்பதும், பேசிச் சமாளிப்பதும்தான் அன்றைய ஆட்டத்தின் உயிர்நாடி. சண்டையும் வளர்ச்சியும் சமன்பட்டிருந்தது இப்படித்தான்: சண்டைக்கு விலை அதிகம், கூலி குறைவு.

இதற்கும் முன்னால் போனால் 1971. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிநூலை எழுதுகிறார்கள். அதில் ஹீரோ என்பவன் நான்கு ஆட்களின் பலம் கொண்டவன்; சூப்பர் ஹீரோவுக்கு எட்டு ஆள் பலம். மூன்றாண்டு கழித்து வந்த பெட்டியைத் திறந்தால், நான்காம் லெவல் வீரனின் பட்டம் ஹீரோ, எட்டாம் லெவலில் சூப்பர் ஹீரோ! அந்த இரண்டு படிகளுக்கு முன்னும் இடையிலும் கட்டிய சின்னப் படிகள்தான் லெவல் என்பது என் முடிவு.

அதே 1971இல் மினசோட்டாவில் ஆர்னெசன் தன் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை ஆடத் தொடங்கியிருந்தார். அதைப் பற்றி 1977இல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கும் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. கொண்டுவந்த தங்கம் பையில் கிடக்கும் வரை புள்ளி இல்லை. அந்தப் பாத்திரத்துக்கு எதில் நாட்டமோ அதில் செலவழித்தால்தான் உண்டு. குடியோ, வழிபாடோ, புகழோ, வேறு பொழுதுபோக்கோ, எதுவானாலும் சரி. ஒரு மனிதன் எதற்காக உயிரைப் பணயம் வைத்தான் என்பதே அவன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. பாத்திர வளர்ச்சி பற்றி இதைவிட நுட்பமான விதியை நான் இன்றுவரை படித்ததில்லை.

 

அப்படியானால் நம் கணக்கு எங்கே மாறியது? 1989இல். இரண்டாம் பதிப்பு பொற்காசுக்குப் புள்ளி என்பதை விருப்ப விதியாக்கி ஓரத்தில் வைத்தது. பேராசைக்காரர்களின் ஆட்டமாக இல்லாமல் நாயகர்களின் கதையாக இருக்கட்டும் என்ற எண்ணம் அதற்குள் தெரிகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் தங்கத்தை எடுத்த இடத்தில் அதே எடையுள்ள வேறொன்றை வைக்கவில்லை. மிச்சம் நின்றது பெரும்பாலும் கொலைக்கான புள்ளிதான். ஆட்டக்காரர்கள் கெட்டுப்போகவில்லை, புள்ளி இருக்கும் பக்கம் நடந்தார்கள், அவ்வளவுதான். பூதத்தின் பலத்தைக் கூட்டிக் குறைத்துச் சண்டையைச் சமன்செய்யப் பார்ப்பவர்கள் தவறான திருகைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

ஆட்டம் நடத்தும் நண்பர்களே, அடுத்த முறை பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர்க்குக்குப் பத்து, வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு காசுக்கும் ஒன்று. தங்கம் பிடிக்காவிட்டால், மீட்ட கைதிகளுக்கோ கண்டுபிடித்த சுவடிகளுக்கோ அதே எடையில் புள்ளி கொடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அதை எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிடுங்கள்.