கட்டுரையின் கடைசிப் பத்தி

அம்மா காலத்தில் வேலை என்றால் கம்பெனி பஸ்தான். 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இன்டெல் வந்தது, பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் வந்தன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களை ஷிஃப்ட்டுக்குப் போன பெண்கள்தான் நிமிர்த்தினார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறந்ததும் பெருநிலத்துச் செபராங் ஜெயாவிலிருந்து பஸ் நேரே தீவுக்கு ஓடியது. ஆள் தேவை என்று பலகை தொங்கும். அடையாள அட்டையோடு போய் நிற்க வேண்டும். அம்மா நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து, சிலிக்கான் துண்டுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பொருத்துவார். வீட்டுக்கு வந்தும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்.

கருமாரியம்மன் கோயிலில் போன வெள்ளிக்கிழமை ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, மகன் பிசிக்ஸ் முடிச்சிட்டான். கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டே ஆராய்ச்சி பண்ணணும்னு நிக்கிறான். அதுக்கு யாருப்பா சம்பளம் குடுப்பா?"

நியாயமான கேள்வி. இந்தத் துறையில் பலகை தொங்குவது குறைவு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் என் ஆசிரியர் ஒருவர், ஆய்வுக் கட்டுரையைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்வார். முடிவுரைக்குக் கீழே சிறிய எழுத்தில் நன்றியுரை இருக்கும். யார் பணம் கொடுத்தார்கள், எந்தத் திட்ட எண், எந்தக் கணினியில் கணக்கு ஓடியது, எல்லாம் அங்கே இருக்கும். திட்டம் புதிதாகத் தொடங்கியிருந்தால் ஆள் எடுக்க வாய்ப்பு அதிகம். விளம்பரம் வருமுன்னே அந்தப் பேராசிரியருக்கு எழுதிவிடலாம்.

பெரிய கணினி இல்லையே என்று தயங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சென்னைதான் ஞாபகம் வரும். அங்கே ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் மேசைக் கணிப்பானில் போட்ட கணக்கு. புரதத்தின் வடிவம் சரியா என்று பார்க்க உலகம் இன்றும் அதைத்தான் எடுக்கிறது.

அக்காவுக்குச் சொன்ன பதில் இது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பள வேலை. சிங்கப்பூரில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே சிங்கா உதவித்தொகை இருக்கிறது. இங்கேயே மலேசிய அரசின் எஃப்.ஆர்.ஜி.எஸ். என்ற அடிப்படை ஆய்வு நிதியில் ஆய்வு உதவியாளர்களை எடுக்கிறார்கள். இத்தாலியில் ட்ரியெஸ்டே நகரில் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய மையம், வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு டிப்ளோமா நடத்துகிறது. கட்டணம் கிடையாது, தங்கும் செலவையும் மையமே ஏற்கிறது. என்னைக் கேட்டால் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய கட்டுரையில் ஒரு படத்தை நீங்களே திரும்பக் கணக்கிட்டு, எழுதிய நிரலோடு அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அதற்கு எடை அதிகம். இப்படிக் கணக்கிட உதவும் குவாண்டம் எஸ்பிரெஸோ இலவச மென்பொருள். பழைய மடிக்கணினியிலேயே சிலிக்கானின் ஆற்றல் பட்டைகளை வரைந்துவிடலாம். அம்மா கம்பி பொருத்திய அதே சிலிக்கான். அது ஏன் மின்சாரத்தைப் பாதி விட்டுப் பாதி தடுக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் பேரப்பிள்ளைகளாவது அதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

உங்கள் வீட்டில் அறிவியல் படித்த பிள்ளை இருந்தால், இடம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் அனுப்பாதீர்கள். பிடித்த துறையில் ஒரு கட்டுரையை எடுத்து, இந்த வாரமே நன்றியுரையிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.