பெங்களூர் தந்த கைலாசம்

பெங்களூரைக் காண வரும் தமிழன்பர்கள் லால்பாக்கின் மலர்களையும் விதான சௌதாவின் தூண்களையும் கண்டு களிப்பார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் சென்று, தமிழ்ச் சங்கத்தையும், 2009ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையையும் கண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் கண்ணிற் படாத செல்வம் ஒன்று இந்நகரில் உண்டு. அது கட்டடமன்று, ஒரு மனிதர் விட்டுச்சென்ற பாட்டும் நகைச்சுவையும் ஆகும்.

விதான சௌதாவுக்கு எதிரே செந்நிறத்தில் ஒரு பழைய மாளிகை நிற்கிறது. 1868இல் கட்டி முடிக்கப்பெற்ற அட்டார கச்சேரி அது. இன்று கர்நாடக உயர்நீதிமன்றம். பழைய மைசூர் அரசின் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்தவர்களுள் டி. பரமசிவ ஐயர் என்ற தமிழரும் ஒருவர். அவருக்கு 1884இல் பிறந்த மைந்தரே டி. பி. கைலாசம். வீட்டிலே தமிழ், வீதியிலே கன்னடம், பள்ளியிலே ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை. நம் வீட்டுக் குழந்தைகளும் இவ்வாறன்றோ வளர்கிறார்கள்!

கைலாசம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, நிலவியல் கற்க லண்டன் மாநகர் சென்றார். கற்கச் சென்றது கல்லையும் மண்ணையும். உள்ளத்தைக் கொள்ளைகொண்டதோ நாடக மேடை. அந்நாளில் லண்டன் அரங்குகளில் பாட்டும் கூத்தும் பெருகி ஓடின. அமெரிக்க இசைநாடகத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெரோம் கெர்ன், 1906இல் அவ்வூரில் பிறர் நாடகங்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்துத் தொழில் பழகியவரே. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1927இல், அவர் இசையமைத்த 'ஷோ போட்' நியூயார்க்கில் அரங்கேறியது. பாட்டு வெறும் அலங்காரமாய் நில்லாமல் கதையோடு கலந்து வரலாம் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று. கெர்ன் பழகிய லண்டன் மேடைகளின் காற்றைச் சில ஆண்டுகள் கழித்துக் கைலாசமும் சுவாசித்தார்.

தாயகம் திரும்பி மைசூர் அரசில் நிலவியல் துறையில் அமர்ந்தவர், அப்பதவியில் நிலைத்திருக்கவில்லை. வேலையைத் துறந்து நாடகத்தையே வாழ்வாக்கிக்கொண்டார். நீதிபதி வீட்டுப் பிள்ளை, லண்டனில் படித்தவர், நல்ல உத்தியோகத்தை விட்டுக் கூத்தாடப் போனால் சுற்றமும் ஊரும் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அக்காலத்துக் கன்னட மேடை எப்படி இருந்தது? கைலாசம் பிறந்த அதே 1884இல் தோன்றிய குப்பி நாடகக் கம்பெனி போன்றவை ஊர் ஊராய்ச் சென்று புராணக் கதைகளை நடித்துவந்தன. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அறிந்த நமக்கு அந்த உலகம் புதிதன்று. அரசனும் பாடுவான், அரக்கனும் பாடுவான். பேச்சோ ஏட்டுநடையில் இருக்கும். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, கற்றவர்களை மேடையேற்றி, உரைநடை நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்தார். கன்னடத்தில் அத்தகைய மாறுதலைச் செய்தவர் கைலாசம். 1918இல் வெளிவந்த அவருடைய 'டொள்ளு கட்டி' நாடகத்தில் பெங்களூர் நடுத்தரக் குடும்பம் தன் சொந்தப் பேச்சையே பேசிற்று. ஆங்கிலம் கலந்த கன்னடம் அது! தேர்வில் முதன்மை பெறும் மகன் உள்ளீடற்றவன், தேர்வில் தோற்கும் மகன் உறுதியான நெஞ்சினன் என்பதே கதையின் சாரம். மதிப்பெண்ணையே கணக்கிடும் பெற்றோருக்கு இன்றும் அது சுடும்.

அவருடைய பாடல்களோ இன்னும் சுவையானவை. 'டிப்பெரரி' என்ற ஆங்கிலப் பாட்டை ஜாக் ஜட்ஜ் என்பார் 1912இல் மேடையேற்றினார். லண்டனுக்குப் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரன் ஒருவன், தொலைவிலுள்ள தன் ஊரை எண்ணி ஏங்கும் பாட்டு. 1914இல் போர் மூண்டதும் படைவீரர் வாயிலாக அது உலகெங்கும் பரவிற்று. அதன் மெட்டிலே கைலாசம் 'திப்பாரஹள்ளி' என்ற கன்னடப் பாட்டைப் புனைந்தார். டிப்பெரரி திப்பாரஹள்ளியாயிற்று, அயலான் ஏக்கம் கன்னட நாட்டுப்புறத்தான் ஏக்கமாயிற்று. ஊரை விட்டு வந்தவன் நெஞ்சு எந்த மொழியிலும் ஒன்றே என்பதை அறிய இதைவிடச் சான்று வேண்டுமா?

1928இல் 'கான்ஸ்டாண்டிநோபிள்' என்றொரு பாட்டு வந்தது. அந்நகரின் பெயரை எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் பாடும் வேடிக்கை அதில் உண்டு. இவ்வித்தை கன்னடத்தில் வருமோ என்று ஒருவர் ஐயுற, அதற்கு விடையாகவே 'கோளிகே ரங்க' என்ற பாட்டைக் கைலாசம் கட்டினார் என்பர். தன் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் அந்த நாட்டுப்புறத்து ரங்கனைக் கன்னட மக்கள் இன்றளவும் பாடி மகிழ்கிறார்கள். மேனாட்டு மெட்டை வாங்கியவர், மேனாட்டானாக மாறிவிடவில்லை. வாங்கிய சட்டியில் நம் வீட்டுச் சமையலையே செய்தார்.

இவருடைய வாழ்வில் நம் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி 1945இல் நடந்தது. கன்னட இலக்கிய மாநாட்டுக்கு அவ்வாண்டு தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் கைலாசம். மாநாடு கூடிய இடமோ சென்னை! தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, தமிழ்நாட்டின் தலைநகரில், கன்னட மக்களின் பிரதிநிதியாய்த் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டே, 1946 நவம்பரில், காலமானார்.

பெங்களூரில் தண்டுப் பகுதி என்றும் நகரப் பகுதி என்றும் இரண்டு ஊர்கள் இருந்தன. தண்டிலே தமிழொலி மிகுதி, நகரிலே கன்னடம். 1949இல் அவை ஒரே மாநகராட்சியாயின. ஆயினும் உள்ளங்கள் இணைவதற்குச் சட்டம் போதாது. மனக்கசப்பு மூண்ட காலங்களும் உண்டு. திருவள்ளுவர் சிலையே பல்லாண்டுகள் திரையிட்டுக் கிடந்து, பின்னரே திறக்கப்பெற்றது. அதே திங்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் எழுந்தது. சிலைகள் செய்யும் பணியை, நெடுநாள் முன்பே, ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே செய்துவிட்டார்.

குடிபெயர்ந்து வாழும் நமக்கு ஓர் அச்சம் உண்டு: வாழும் ஊரின் மொழியில் பிள்ளைகள் ஊறிவிட்டால் வீட்டு மொழி வற்றிவிடுமோ என்பது. அச்சம் பொய்யன்று. வீட்டில் தமிழைக் காப்பது நம் கடன். அதை ஊரார் மீது சுமத்த இயலாது. ஆனால், வாழும் ஊரின் மொழியைப் படிக்கட்டு வரையில் நிறுத்திவைப்பதும் குடும்பத்துக்கு நலமன்று. உண்ட ஊருக்கு ஒரு பாட்டாவது தந்துவிட்டுப் போகிறவனை அவ்வூர் அயலான் என்று எண்ணுவதில்லை.

அடுத்த முறை பெங்களூர் செல்லும் அன்பர்கள், ஜே. சி. சாலையிலுள்ள ரவீந்திர கலாக்ஷேத்திரப் பக்கம் ஒரு மாலை செல்லுங்கள். கைலாசத்தின் நாடகம் எங்கேனும் நடைபெறுகிறதா என்று விசாரியுங்கள். நடந்தால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மொழி பாதி புரியாமற் போகலாம். சிரிப்பு முழுவதும் புரியும்.