போகும்போது மட்டும்

மே 7, செவ்வாய்

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி இது மூன்றாவது வாரம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வேளச்சேரி சாலை காலியாக இருக்கிறது. அதனாலேயே காருக்குள் இருக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது. இடப்பக்கம் எங்கோ, கடகடவென்று. சேலையூரில் தொடங்கியது மருத்துவமனை வாசல் வரை விடவில்லை.

மே 9, வியாழன்

டேஷ்போர்டு டப்பாவில் கிடந்த சில்லறை, டார்ச், பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் மகன் எடுத்துவிட்டான். ஜாக்கியைப் பழைய துண்டில் சுற்றி வைத்தான். சத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது கேட்கவில்லை.

மே 11, சனி

அம்மாவுக்கு ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது. சத்தம் வந்ததா என்று கவனிக்கவில்லை.

மே 18, சனி

திரும்பும்போது சத்தம் நிற்பதற்கு வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டினான். கணக்கும் ஒத்து வந்தது. காரின் உட்புறப் பலகைகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். சூடு ஏறினால் இரும்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளப் பலகை 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் தகடு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. காலையில் ஆடும் இடுக்கு பகலில் அடைபட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

எந்த இடுக்கு என்பதுதான் தெரியவில்லை. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் திசையைக் காட்டும். அது அதிகம் போனால் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி அதையும் கலைத்துவிடுகிறது.

“எப்பப் பாரு இந்தப் பக்கமே பாக்கறியேடா. ரோட்டப் பாரு” என்றாள் அம்மா.

மே 19, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்கு மருந்து வாங்கத் தனியாகப் போனான். சீட் சுட்டது. சத்தம் நன்றாகவே கேட்டது!

வெயில் கணக்கு தப்பு. ஓரமாக நிறுத்தி யோசித்தான். இடப்பக்கச் சீட் நேற்று அம்மா சாய்த்தபடியே கிடந்தது. திரும்பும்போது அவளால் நிமிர்ந்து உட்கார முடிவதில்லை. பெல்ட் தொங்கும் பில்லரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பையனை ஓட்டச் சொல்லிவிட்டு அந்தச் சீட்டில் தானே உட்கார்ந்து தலையைச் சாய்த்தான். சட்டென்று நின்றது. தலையை எடுத்தான், கடகட. பலகையில் அதே உயரத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை.

மே 27, திங்கள்

பில்லருக்கு மேலே கர்ட்டன் ஏர்பேக், கீழே பெல்ட்டை இறுக்கும் வெடிப்பான். தானே பிடுங்கிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை, துணியாததே சரி. மெக்கானிக் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, ரப்பர் பீடிங்கை விலக்கி, பிளாஸ்டிக் பட்டையால் நெம்பினார். உள்ளே ஒரு கிளிப்பின் தலை உடைந்திருந்தது. புதுப்பேட்டையில் வாங்கிய கிளிப் பொருந்தியது. பலகை தகட்டில் உரசும் விளிம்பில் வயர் சுற்றும் துணி டேப்பை ஒட்டினார்.

கறையைத் துடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான்.

மே 28, செவ்வாய்

போகும்போதும் சத்தம் இல்லை.

ஜூன் 6, வியாழன்

இன்று அம்மா முன்சீட்டுக்கு வரவில்லை. பின்னால் படுத்துக்கொண்டாள்.

“பெல்ட் போட முடியாதேம்மா” என்றான்.

“மெதுவாப் போ” என்றாள்.